அடித்துணியையே மடிச்சு போர்வை ஓரம் அடிக்கும்போது வர்ற கோளாறுகளும் சரி பண்ற வழியும்

ஒட்டுத்துணி போர்வை தைக்கிறவங்க நெறையப் பேரு ஓரத்துக்குன்னு தனியா பட்டி வெட்டுறதில்ல, அடித்துணியவே சுத்தி கொஞ்சம் கூடுதலா விட்டு அத மேல்பக்கம் மடிச்சு அடிச்சு முடிச்சிருதாவ. நல்ல முறைதான், துணியும் மிச்சம் நேரமும் மிச்சம். பிள்ளைக்கு விரிக்கிற சின்ன போர்வைக்கும், ஆச்சி சேலைய அடுக்கி தைக்கிற மெல்லிசு போர்வைக்கும் இதவிட வாட்டமான முறை கெடையாது. ஆனா பாளையங்கோட்டையில எங்க தையல் கடைக்கு சரி பண்ணித் தாங்கன்னு வர்ற போர்வையில திரும்பத் திரும்ப வர்ற கோளாறு இந்த ஓரந்தான். அதான் கோளாறு எதுன்னு பாத்து நேரா அந்தத் தலைப்புக்குப் போற மாதிரி எழுதிருக்கேன், காசு செலவில்லாத காரணம் முதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருதேன். ஓரத்துல தெரியுற கோளாறுல முக்காவாசி தையல்ல வர்றது கெடையாது, அதுக்கு முந்தி வெட்டுனதுலயும் தேய்க்காம விட்டதுலயும் வந்தது. தையலப் பிரிச்சு அதே துணிய அதே அளவுல மறுபடி அடிச்சா மறுபடி அதே கோளாறுதான் வரும். அதனால பிரிக்கிற ஊசிய எடுக்கிறதுக்கு முந்தி ஸ்கேல எடுங்க.

எதையும் தொடுறதுக்கு முந்தி: சரியான அளவு என்ன

முடிஞ்ச ஓரம் அரை இஞ்ச் அகலம் வேணும்னா, மேல்துணியும் நடுவுல உள்ள பஞ்சு ஷீட்டும் ஒரே மட்டமா வெட்டியிருக்கணும், அதுக்கு வெளிய அடித்துணி நாலு பக்கமும் 1 இஞ்ச் நீட்டிக்கிட்டு இருக்கணும். அந்த 1 இஞ்ச்ச பாதியா மடிச்சா வெட்டுன விளிம்பு போர்வை ஓரத்த வந்து தொடும், இன்னொரு மடிப்பு மடிச்சா அரை இஞ்ச் மேல்துணி மேல ஏறி உக்காரும், மடிப்ப ஒட்டி ஒரு தையல். அவ்வளவுதான் விஷயம். பஞ்சு கனமா இருந்தா அந்தக் கனத்த சுத்தி வரதுக்கே துணி போகும், அதனால அரைக்கால் இஞ்ச் (1/8) கூட விடுங்க.

வீட்டுல கெடக்குற கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்ன எடுத்து சரியா 1 இஞ்ச் அகலத்துக்கு வெட்டி, நடுவுல அரை இஞ்ச்ல பேனாவால ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. டேப் வளையும், இந்த அட்டை வளையாது. கீழ வர்ற செக் பாதிக்கு இதான் கருவி.

கோளாறு: ஓரம் ஒரு எடத்துல அகலம், ஒரு எடத்துல ஒல்லி

அட்டைய ஓரத்துல வச்சு நாலு பக்கமும் பையத் தள்ளிக்கிட்டே போங்க. முடிஞ்ச ஓரம் எங்க அரை இஞ்ச் கோட்ட விட்டுக் கூடுது, எங்க கொறையுதுன்னு சாக்கால மார்க் போடுங்க.

அங்கங்க மட்டும் கூடிக் கொறைஞ்சு, மத்த எடம் சரியா இருந்தா: மடிக்கும்போது தேய்க்காம கையால மடிச்சு மடிச்சு மிஷினுக்குள்ள விட்டுருக்கீங்க. அந்த எடத்த மட்டும் முன்னால 2 இஞ்ச் பின்னால 2 இஞ்ச் சேத்துப் பிரிச்சு, பாதி மடிப்ப முதல்ல இஸ்திரி போட்டுட்டு பொறவு அடிங்க. பஞ்சு பாலியஸ்டரா இருந்தா இஸ்திரிப் பெட்டி பஞ்சு மேல ஏறக்கூடாது, சூட்டுல அப்படியே அமுங்கி அட்டை மாதிரி ஆயிரும், நீட்டிக்கிட்டு இருக்கிற அடித்துணியில மட்டும் பெட்டி முனைய ஓட்டுங்க.

ஒரு முனையில இருந்து மறு முனைக்கு படிப்படியா ஒல்லியாகிக்கிட்டே போனா: போர்வையே சதுரமா இல்ல. மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாருங்க, ரெண்டு குறுக்களவும் ஒன்னா இருக்கணும். வீட்டுல டைல்ஸ் தரைன்னா அதுதான் பெரிய ஸ்கேல், டைல்ஸ் கோட்டுல ஒரு ஓரத்தப் பிடிச்சு விரிச்சா அடுத்த ஓரம் கோட்ட விட்டு எங்க ஓடுதுன்னு கண்ணாலயே தெரியும். அரை இஞ்ச்சுக்குள்ள வித்தியாசம்னா போர்வைய லேசா ஈரம் தெளிச்சு, குட்டையா இருக்கிற மூலைகளைப் பிடிச்சு இழுத்து, சதுரமா தரையில பின் பண்ணி காய விடுங்க, பெரும்பாலும் வந்துரும். அதுக்கு மேலன்னா ஓரம் முழுக்கப் பிரிச்சு எல் ஸ்கேல் வச்சு மேல்துணியையும் பஞ்சையும் மறுபடி மட்டம் வெட்டணும், வேற வழி கெடையாது.

கோளாறு: ஒரு பக்கம் அடித்துணி பத்தல

மூனு பக்கம் 1 இஞ்ச் இருக்கு, நாலாவது பக்கம் அரை இஞ்ச்தான் இருக்கு. நடுவுல இருந்து தைக்காம ஒரு ஓரத்துல இருந்து தச்சுக்கிட்டே வந்தா அடித்துணி நகந்து இப்படித்தான் ஆகும்.

செலவில்லாத வழி, நாலு பக்கத்தையும் அந்தக் குறைஞ்ச பக்கத்துக்கு ஏத்தாப்புல மாத்துறது. அரை இஞ்ச் இருந்தா கால் இஞ்ச் ஓரம் வரும். மெல்லிசு போர்வைக்கு கால் இஞ்ச் ஓரம் அழகாவே இருக்கும், கனமான பஞ்சுக்கு சரிப்படாது.

அடுத்தது, மேல்துணியையும் பஞ்சையும் அந்தப் பக்கம் மட்டும் அரை இஞ்ச் உள்ளுக்கு வெட்டுறது. வெட்டுறதுக்கு முந்தி ஓரக் கட்டத்துல நட்சத்திரமோ முக்கோண முனையோ இருக்கான்னு பாருங்க. ஏற்கனவே மடிப்பு அரை இஞ்ச்ச மூடப்போகுது, நீங்க அரை இஞ்ச் வெட்டுனா மொத்தம் 1 இஞ்ச் டிசைன் காணாமப் போகும், முனை மழுங்குன நட்சத்திரம் வருசக்கணக்கா கண்ண உறுத்தும்.

மூனாவது, அந்தப் பக்கம் மட்டும் அதே துணியில 2 இஞ்ச் பட்டி ஒட்டுத் தைக்கிறது. பட்டிய அடித்துணியோட சேத்து தச்ச தையல் மடிப்பு திரும்புற எடத்துல வந்து விழக்கூடாது, விழுந்தா அந்தப் பக்கம் மட்டும் குண்டா தெரியும், அதனால ஒட்டு போர்வைக்குள்ள தள்ளி இருக்கட்டும்.

ரெண்டு பக்கத்துக்கு மேல பத்தலன்னா மல்லுக்கட்டாதீங்க. அடித்துணியையும் மட்டமா வெட்டிட்டு, இரண்டரை இஞ்ச் அகலத்துல தனிப் பட்டி போட்டு முடிச்சிருங்க. பட்டி நீளம் போர்வையோட சுத்தளவு, அதோட இன்னும் 12 இஞ்ச்.

கோளாறு: பஞ்ச வெட்டும்போது அடித்துணியும் சேந்து வெட்டுப்பட்டுட்டு

பதறாதீங்க, இது நெறையப் பேருக்கு நடக்குது. வெட்டு எங்க இருக்குன்னு பாருங்க. நீட்டிக்கிட்டு இருக்கிற 1 இஞ்ச்ல வெளிப்பாதியில இருந்தா அது மடிப்புக்கு உள்ள போயிரும், ஒன்னும் பண்ணவே வேண்டாம், இழை பிரியாம ரெண்டு தையல் குறுக்க போட்டா போதும். உள்பாதியில, போர்வை ஓரத்த ஒட்டி இருந்தா இஸ்திரி போட்டா ஒட்டுற ஃப்யூசிங் துணிய வெட்டுக்கு உள்பக்கம் ஒட்டி, மேல அதே நெற நூல்ல நெருக்கமா கைத்தையல் போடுங்க. வெட்டு போர்வை ஓரத்த தாண்டி உள்ள போயிருந்தா மட்டும் அடிப்பக்கத்துல ஒரு ஒட்டுத் துணி வச்சு மூடணும், ஒத்தையா விட்டா தெரியும், அதே மாதிரி நாலு மூலையிலயும் வச்சுட்டா டிசைன் ஆயிரும்.

இனிமே வெட்டும்போது பஞ்சுக்கும் அடித்துணிக்கும் நடுவுல காலண்டர் அட்டைய செருகிட்டு வெட்டுங்க.

கோளாறு: ஓரம் அலை அலையா நெளியுது, தரையில படிய மாட்டேங்குது

அதிகமா வர்றது இதுதான், அதிகமா தப்பா சரி பண்ணப்படுறதும் இதுதான். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தப் பொரிச்சு எடுத்த மாதிரி ஓரம் நெளிஞ்சு நிக்கும், உடனே மிஷின்ல நூல் இறுக்கத்த மாத்துற டென்ஷனத் திருக ஆரம்பிச்சிருதாவ. டென்ஷனுக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கெடையாது.

முதல் செக் அளவு. போர்வையத் தரையில விரிச்சு, இழுக்காம, நடுவுல குறுக்க இடமிருந்து வலம் அளந்துக்கோங்க. அடுத்து மேல் ஓரம், கீழ் ஓரம். மூனு அளவையும் எழுதி வைங்க.

மூனும் ஒன்னா இருந்தா, ஓரம் நீளல, தைக்கும்போது இழுபட்டிருக்கு. முன்னாலயும் பின்னாலயும் பிடிச்சு இழுத்துக்கிட்டே தச்சிருப்பீங்க, இல்ல தையல் ரொம்ப நெருக்கமா விழுந்திருக்கும். போர்வைக்கு இஞ்சுக்கு 8 தையல் போதும், ரவிக்கைக்கு வைக்கிற நெருக்கத்துல வச்சா கனமான துணியில ஒவ்வொரு தையலும் துணிய விரிச்சுக்கிட்டே போகும். நீராவி இஸ்திரி இருந்தா பெட்டிய மேல படாம தூக்கிப் பிடிச்சு ஆவிய மட்டும் விட்டு, கையால தட்டி அமுக்கிப் பாருங்க, லேசான நெளிவு இதுலயே அடங்கிரும். அடங்கலன்னா பிரிச்சு, தையல் நீளத்தக் கூட்டி, இழுக்காம துணிய அது போக்குல விட்டு அடிங்க. போர்வையோட பாரம் மேசையில இருந்து கீழ தொங்கிக்கிட்டு இருந்தாலும் இழுவை வரும், பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு அது மேல போர்வையத் தாங்கி வைங்க.

ஓரம் நடு அளவ விட கூட இருந்தா விஷயம் வேற. நடு 42 இஞ்ச், ஓரம் நாப்பத்திரண்டரைன்னா சமாளிக்கலாம். ஓர மடிப்பப் பிரிச்சுட்டு, மேல்துணியும் பஞ்சும் சேத்து விளிம்புல இருந்து கால் இஞ்ச் உள்ள தள்ளி ரெட்டை நூல்ல கையால ஓட்டுத்தையல் போடுங்க, ஒரு முனையில முடிச்சு, மறுமுனைய பைய இழுத்து ஓரத்த 42-க்கு கொண்டு வாங்க, சுருக்கம் ஒரே எடத்துல குவியாம விரலால நீவி பரப்பிவிடுங்க. பொறவு அடித்துணிய மடிச்சு அதுக்கு மேல அடிச்சா சுருக்கம் இருந்ததே தெரியாது, ஓட்டுத்தையலும் உள்ள மறைஞ்சிரும்.

வித்தியாசம் 1 இஞ்ச்சுக்கு மேல இருந்தா ஓட்டுத்தையல் தாங்காது. நடுவுல நெருக்கமா தச்சுட்டு ஓரத்துல சும்மா விட்டிருப்பீங்க, நடு சுருங்கியிருக்கு ஓரம் சுருங்கல. ஓரத்துலயும் நடுவுல உள்ள அதே நெருக்கத்துக்கு தையல் ஓட்டுங்க, அதுவே இழுத்துக்கொடுக்கும். அப்படியும் வரலன்னா மேல்துணியோட பார்டர் பட்டியப் பிரிச்சு நடு அளவுக்கு வெட்டி மறுபடி வைக்கணும், அது ரெண்டு நாள் வேலை.

இதுக்கு நேர் எதிரான கோளாறு ஒன்னு இருக்கு. ஓரம் உள்ள இழுத்துப் பிடிச்சு நடு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும். நம்ம பக்கம் இது வந்தா நான் முதல்ல பாக்குறது சேலைக்கரை. சேலைய அடித்துணியா போடும்போது கரை அழகா இருக்கேன்னு அந்தக் கரையவே ஓரமா மடிக்க நெறையப் பேரு ஆசைப்படுதாவ. கரை நெசவு உடல் நெசவ விட நெருக்கம், அதுலயும் கடைசி விளிம்பு இன்னும் இறுக்கம், துவைச்சா உடலுக்கு ஒரு அளவும் கரைக்கு ஒரு அளவுமா சுருங்கும். வீரவநல்லூர் பக்கமிருந்து ஒரு பிள்ளை, மாமியாரோட கைத்தறிச் சேலைய அடித்துணியா போட்டு தச்ச போர்வைய எடுத்துக்கிட்டு வந்தா, ரெண்டு பக்கம் கரை ஓரம், ரெண்டு பக்கம் உடல் ஓரம். கரை பக்கம் ரெண்டும் விண்ணுன்னு இழுத்துக்கிட்டு, உடல் பக்கம் ரெண்டும் தொளதொளன்னு கெடக்கு.

“யக்கா, கரைய வெட்ட மனசு வரல” ன்னா.

“வெட்டாண்டாம் மா. ஓரத்துல இருந்து எடுத்துருவோம், நடுவுல மேல்துணி மேல பட்டியா வச்சு தச்சிருவோம். அங்கன அது எதையும் இழுக்காது.”

அப்படித்தான் செஞ்சோம். கரைய வச்சே ஆகணும்னா தண்ணியில ஊறப்போட்டு அலசி காயவச்சு தேய்ச்ச பொறவு வைங்க, விளிம்புல உள்ள இறுக்கமான அரைக்கால் இஞ்ச்ச மட்டும் நறுக்கிருங்க. வேட்டிய அடித்துணியா போடுறவங்களும் இதே மாதிரிதான், எட்டு முழ வேட்டி போர்வைக்கு ரொம்ப மெதுவான அடித்துணி, ஆனா கரைய முதல்லயே கழட்டி எடுத்துருங்க.

கோளாறு: ஓர மடிப்பு முறுக்கிக்கிட்டு சாய்வா சுருக்கம் விழுது

மடிப்பு மேல சாய்வா கோடு கோடா சுருக்கம், எல்லாம் ஒரே பக்கம் பாத்து சாஞ்சிருக்கும். மிஷின்ல கீழ உள்ள பல்லு அடித்துணிய முன்னால தள்ளுது, மேல துணிய அமுக்கிப் பிடிக்கிற ஃபுட் மடிப்பப் பின்னால பிடிக்கிது, ரெண்டும் சேந்து வராம மடிப்பு முறுக்கிக்கிது.

பின் எத்தன இஞ்ச்சுக்கு ஒன்னு குத்துனீங்க? 2 இஞ்ச்சுக்கு ஒன்னு வேணும், அதுவும் ஓரத்துக்குக் குறுக்க. குண்டூசி கனத்துல நிக்கலன்னா பிள்ளைகளுக்கு தலையில போடுற டிக்டாக் க்ளிப் போடுங்க, ஃபேன்சி ஸ்டோர்ல அட்டை அட்டையா கெடைக்கும், போர்வை ஓரத்துக்கு அதவிட நல்ல க்ளிப் இல்ல. இல்லன்னா கையால பெருசு பெருசா ஓட்டுத்தையல் போட்டுட்டு மிஷின்ல அடிங்க, இது பழைய வழி, எப்பவும் தோக்காத வழி.

அடுத்தது ஃபுட் அழுத்தம். கருப்பு மிஷின்ல தலைக்கு மேல, ஃபுட் கம்பிக்கு நேர் மேல ஒரு திருகு இருக்கும், அத இடப்பக்கமா ஒரு சுத்து தளத்துங்க, துணிய ஃபுட் அமுக்குறது குறையும். மெல்லிசு துணி தைக்கும்போது மறக்காம பழைய எடத்துக்கே திருகிருங்க.

செலவு பண்ணலாம்னா வாக்கிங் ஃபுட் வாங்கலாம், மேல்துணியையும் சேத்து நடத்திக்கிட்டுப் போகும். எல்லா மிஷினுக்கும் ஒரே ஃபுட் சேராது, இப்ப உள்ள ஃபுட்டக் கழட்டி கைல கொண்டுபோய்க் காட்டி வாங்குங்க. வருசத்துக்கு ஒரு போர்வை தைக்கிறவங்களுக்கு இது வேண்டவே வேண்டாம், ஓட்டுத்தையல் போதும்.

இது எல்லாம் பண்ணியும் ஒரே ஒரு பக்கம் மட்டும் முறுக்குதுன்னா அந்தப் பக்கம் அடித்துணி இழைக்கு நேரா வெட்டுப்படல. இழைய ஒன்ன உருவிப் பாருங்க, உருவுன கோடும் வெட்டுன கோடும் ஒன்னா ஓடணும்.

கோளாறு: மூலை

மூலைக்கு வர்ற கோளாறு அஞ்சு, அஞ்சுக்கும் காரணம் வேற. முதல்ல சரியா மடிக்கிறத பாத்துருவோம்.

அடித்துணியோட மூலை முனையப் பிடிச்சு போர்வை மேல சாய்வா மடிங்க. அந்த சாய்வு மடிப்பு போர்வையோட மூலைப் புள்ளியத் தொட்டுக்கிட்டு போகணும், ஒட்டி உரசணும், ஏறவும் கூடாது விலகவும் கூடாது. விரல் நகத்தால அழுத்தி நீவுங்க. மடிச்சு உள்ள வந்த முக்கோணத்துல மடிப்ப ஒட்டி கால் இஞ்ச் விட்டுட்டு மிச்சத்த நறுக்கி எறிங்க. பொறவு ஒரு பக்கத்த பாதி மடிச்சு, மறுபடி மடிச்சு படுக்க வைங்க. அடுத்த பக்கமும் அதே மாதிரி. ரெண்டு பக்கமும் மூலையில இருந்து உள்ளுக்கு 45 டிகிரி சாய்வுல ஒரே கோட்டுல வந்து சேரும்.

சேரல, நடுவுல இடைவெளி தெரியுதுன்னா சாய்வு மடிப்பு போர்வை மூலை மேல ஏறி உள்ள போயிருக்கு. ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது, மூலை காலியா நீட்டிக்கிட்டு இருக்குன்னா மடிப்பு மூலைய விட்டு வெளிய நின்னுருக்கு. ரெண்டுக்கும் மருந்து ஒன்னுதான், மூலையப் பிரிச்சு அந்த மடிப்ப மூலைக்குக் கொண்டு வரணும். இடைவெளிய இழுத்துப் பிடிச்சு தைக்கப் பாக்காதீங்க, ஓரம் ரெண்டும் கோணும்.

கோடு 45-ல வராம ஒரு பக்கமா சாய்ஞ்சு வருதுன்னா மூலை மடிப்புல தப்பு இல்ல, ரெண்டு பக்கத்து அடித்துணியும் வேற வேற அகலம். பத்திரிகை அட்டைய வைங்க, தெரிஞ்சிரும்.

மூலை குண்டா நிக்குதுன்னா விரலால கிள்ளிப் பாருங்க. உள்ள பஞ்சு கட்டியா தட்டுதா, துணி அடுக்கு தட்டுதா? பஞ்சுன்னா மூலையப் பிரிச்சு பஞ்சோட முனைய மட்டும் அரைக்கால் இஞ்ச் சாய்வா நறுக்குங்க. துணின்னா அந்த முக்கோணத்த நறுக்காம விட்டிருக்கீங்க. நறுக்கியும் குண்டுன்னா மூலைய லேசா ஈரமாக்கி, மேல ஒரு துணிய போட்டு, மரச்சுத்தியலால பையத் தட்டுங்க, அடுக்கு அமுங்கும்.

மூலைய ரொம்ப நெருக்கமா நறுக்கி ஓட்டை விழுந்துட்டுன்னா அதே துணியில கட்டை விரல் அளவுக்கு ஒரு ஒட்டு வச்சு கைத்தையல். அதுக்கு மிஷின் வேண்டாம்.

இதுல எதுவும் சரிப்படலன்னா சாய்வு மூலையவே விட்டுருங்க. எதிரெதிர் ரெண்டு பக்கத்த முதல்ல முழுசா மடிச்சு அடிச்சுட்டு, மத்த ரெண்டு பக்கத்த அதுக்கு மேல மடிச்சு அடிக்கிற சதுர மூலை போதும். கேவலம் ஒன்னும் இல்ல, பிள்ளைங்க போர்வைக்கு அதுதான் நின்னு உழைக்கும்.

கோளாறு: தையல் மடிப்பப் பிடிக்காம கீழ இறங்கிட்டு, இல்ல அடிப்பக்கம் நூல் அசிங்கமா தெரியுது

மடிப்பு விளிம்புல இருந்து அரைக்கால் இஞ்ச்சுக்குள்ள தையல் ஓடணும். இறங்குன எடம் விரல் நீளத்துக்குள்ளன்னா மிஷினத் தொடாதீங்க, கையால ஹெம்மிங் போட்டு மூடிருங்க. நெறைய எடத்துல இறங்கியிருந்தா மடிப்பு ஒல்லியா விழுந்திருக்கு, அளவு செக்குக்குப் போங்க.

இந்த முறையில மேல அடிக்கிற தையல் அடிப்பக்கமும் ஒரு கோடா தெரியத்தான் செய்யும், அது கோளாறு கெடையாது. கீழ்நூல் சுத்துற பாபின்ல அடித்துணி நெறத்து நூலப் போடுங்க. அந்தக் கோடே தெரியக் கூடாதுன்னா கைத்தையல்தான், ஊசி மேல்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்கணும், அடித்துணிக்கு இறங்கக் கூடாது.

அடிப்பக்கம் நூல் வளையம் வளையமா தொங்குதுன்னா மேல்நூலக் கழட்டி, ஃபுட்டத் தூக்கி வச்சுக்கிட்டு, மறுபடி கோருங்க. ஃபுட் இறங்கியிருக்கும்போது கோத்தா நூல் டென்ஷன் தட்டுக்கு நடுவுல உக்காராது. அதுக்கும் நிக்கலன்னா மேல் டென்ஷனக் கொஞ்சம் கூட்டுங்க. பாபின் நூல் மேல வந்து புள்ளி புள்ளியா தெரிஞ்சா குறைங்க.

கோளாறு: ஓரம் காலியா, உயிரில்லாம தொங்குது

கிள்ளிப் பாத்தா உள்ள பஞ்சு இருக்காது. பஞ்சு மேல்துணிய விட குட்டையா வெட்டுப்பட்டிருக்கு. அந்தப் பக்க ஓரத்தப் பிரிச்சு, குறையுற அகலத்துக்கு பஞ்சுப் பட்டி வெட்டி, பழைய பஞ்சோட ஒன்னு மேல ஒன்னு ஏத்தாம விளிம்போட விளிம்பு முட்ட வச்சு, குறுக்க குறுக்க தொளதொளன்னு தையல் போட்டு சேத்துட்டு மறுபடி மடிங்க.

கோளாறு: துவைச்ச பொறவுதான் தெரியுது

சுருங்கி இழுத்திருந்தா, பழைய சேலை மேல்துணி, புதுத்துணி அடித்துணின்னு போட்டிருப்பீங்க. பழசு சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிஞ்சது, புதுக் காட்டன் முதல் துவைப்புல 100 இஞ்ச்சுக்கு 3-ல இருந்து 5 இஞ்ச் வரைக்கும் சுருங்கும். லேசா சுருங்குனது அழகுதான், விட்டுருங்க. ரொம்ப இழுத்துக்கிட்டா ஓரத் தையல மட்டும் பிரிச்சு, துணிய ஈரத்தோட நீவி தேய்ச்சு, மறுபடி அடிங்க. புதுத்துணின்னா ஒரு ராத்திரி தண்ணியில ஊறவச்சு காயவச்சு தேய்ச்ச பொறவுதான் வெட்டணும்.

சாயம் எறங்கியிருந்தா காய விடாதீங்க, இஸ்திரி போடவே போடாதீங்க. காஞ்சா கறை நின்னுரும். ஈரமா இருக்கும்போதே பெரிய அண்டா நெறைய தண்ணியில திரும்பத் திரும்ப அலசுங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். உப்பு போட்டா சாயம் நின்னுரும்னு சொல்லுதாவ, அத நம்பி இறங்காதீங்க. சுங்குடியோ அடர் சிவப்போ அடித்துணியா போடுறதுக்கு முந்தி ஈரமான வெள்ளத்துணிய அது மேல வச்சு ரெண்டு நிமிசம் அமுக்கிப் பாருங்க, வெள்ளையில கறை வந்தா அந்தத் துணி ஓரத்துக்கு ஆகாது.

ஓரம் தேஞ்சு பிஞ்சு பஞ்சு எட்டிப் பாக்குதுன்னா அது இந்த முறையோட குறை, ஒளிச்சு சொல்லப் பிரியமில்ல. தனிப் பட்டிய ரெண்டா மடிச்சு ரெட்டைப் பட்டியா போட்ட ஓரத்துல விளிம்புல ரெண்டு அடுக்கு துணி இருக்கும், இதுல விளிம்ப மூடுறது ஒரே அடுக்கு. துவைக்கிற கல்லுல அடிச்சுத் துவைச்சா அந்த ஒரு அடுக்குதான் அடி வாங்கும். அடித்துணிய வெட்டுறதுக்கு முந்தியே செக் பண்ணுங்க: துணிய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ரெண்டு கட்டை விரலாலயும் விரிங்க, இழை விலகி வெளிச்சம் கோடா தெரிஞ்சா அந்தத் துணி அடியில போடலாம், ஓரமா மடிக்கக் கூடாது. ஏற்கனவே பிஞ்ச போர்வைக்கு சின்னக் கிழிசல்னா ஒட்டு, ஒரு பக்கம் முழுக்கன்னா பழைய ஓரத்தப் பிரிக்காம அது மேலயே புதுசா தனிப் பட்டி போட்டு மூடுங்க. காயப்போடும்போது ஓரத்துல க்ளிப் போட்டு தொங்கவிடாதீங்க, ஆடிக் காத்துல ஈரப் போர்வை ஆடுற ஆட்டத்துக்கு மடிப்பு கிழியும். கொடியில பாதிக்குப் பாதி குறுக்க போடுங்க, நிழல்ல.

எப்ப ஆளக் கூப்பிடணும்

மூலையில ஊசி ஒடியுதுன்னா உடனே மெக்கானிக்கத் தேடாதீங்க. 14 நம்பர் ஊசி போட்டிருந்தா 16 போடுங்க, கனமா இருந்தா 18. மூலையில இருந்து தைக்க ஆரம்பிக்காம பக்கத்து நடுவுல ஆரம்பிங்க. மூலை வந்ததும் பெடலவிட்டு காலை எடுத்துட்டு சக்கரத்தக் கையால சுத்தி அந்த நாலஞ்சு தையலக் கடந்துருங்க.

புது ஊசி போட்டும் மெல்லிசு துணியிலயும் தையல் விட்டு விட்டு விழுதுன்னா, இல்ல ஊசி தட்டுல அடிச்சு ஒடிஞ்ச பொறவு நூல் அறுந்துக்கிட்டே இருக்குன்னா மெக்கானிக்தான். ஊசித்தட்டு ஓட்டையில விரல வச்சுத் தடவுங்க, பிசிறு தட்டுனா அதுதான் நூல அறுக்குது. ஊசியும் கீழ உள்ள ஷட்டிலும் சந்திக்கிற நேரம், அதான் ஷட்டில் டைமிங், மாறியிருந்தா நீங்களாத் திருகக் கூடாது.

கட்டில் அளவு போர்வைய வீட்டு மிஷின் கழுத்துக்குள்ள சுருட்டித் திணிக்க முடியாது, மெத்தை உறை தைக்கிற பெரிய மிஷின் வச்சிருக்கிற டெய்லர்ட்ட கொடுங்க. கொடுக்கும்போது ஓரத்த நீங்களே மடிச்சு ஓட்டுத்தையல் போட்டுக் கொடுங்க, அவங்க ஓட்டுறது மட்டும்தான் வேலைன்னா கூலியும் குறையும், மூலையும் நீங்க நெனச்ச மாதிரியே வரும்.

பழைய பட்டுச்சேலை, ஜரிகை உதிர்ற சேலைய அடித்துணியா போட்டு ஓரம் பிஞ்சிருந்தா மிஷினுக்குக் கீழயே கொண்டு போகாதீங்க. ஊசி குத்துன ஒவ்வொரு ஓட்டையும் கிழிசலா ஓடும். அதுக்கு மெல்லிசான காட்டன் பட்டிய ரெண்டு பக்கமும் அணைச்சு, மெல்லிய ஊசியில கையால தைக்கிற ஆளத் தேடிக் கொடுங்க. அப்படி ஆள் அமையுற வரைக்கும் போர்வைய மடிச்சு அடுக்காம, பழைய வேட்டியில சுருட்டி பீரோவுல வைங்க.